தொலைவில் இருக்கும் உள்ளடக்கக் களஞ்சியம்: நடைகளைக் குறைக்கும் அமைப்புகள்

ஒரு பதிப்பகமோ பத்திரிகையோ பல்கலைக்கழகமோ தன்னிடம் உள்ள கட்டுரைகள், படங்கள், பிடிஎஃப் கோப்புகள், அவற்றைப் பற்றிய விவரங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே மர அமைப்பில் வைத்துக் காப்பதற்குப் பயன்படுத்தும் மென்பொருளை உள்ளடக்கக் களஞ்சியம் என்கிறோம். பார்வைக்கு அது கோப்புறைகளைப் போலவே இருக்கும். வேலை செய்யும் விதத்தில் தரவுத்தளத்தை ஒத்திருக்கும். மரத்தின் ஒவ்வொரு கிளைப்புள்ளியும் ஒரு கணு. அந்தக் கணுவின் மீது தலைப்பு, ஆசிரியர் பெயர், வெளியான நாள் போன்ற பண்புகள் அமர்ந்திருக்கும். கணுவுக்குக் கீழே வேறு கணுக்கள் இருக்கலாம். அவற்றுக்குக் கீழே இன்னும் பல இருக்கலாம்.

ஜாவா நிரல்மொழியின் உலகில் இதற்கென ஒரு பொதுவரையறை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் இயங்கிய டே சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் நுஷெலரின் தலைமையில் உருவாகி, 2005ஆம் ஆண்டில் முதல் வடிவமும் 2009ஆம் ஆண்டில் இரண்டாம் வடிவமும் வெளியான அந்த வரையறையைச் சுருக்கமாக ஜேசிஆர் என்பார்கள். அதை முழுமையாகச் செயல்படுத்திக் காட்டும் கட்டற்ற மென்பொருள் அப்பாச்சி ஜாக்ரேபிட். அதன் அடுத்த தலைமுறையான ஓக் 2014இல் தன் முதல் நிலையான பதிப்பைக் கண்டது. டே சாஃப்ட்வேரை 2010இல் அடோபி வாங்கியது. அடோபியின் இணையத்தள மேலாண்மை மென்பொருளான எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர் இன்று இந்த ஓக் களஞ்சியத்தின் மீதுதான் நிற்கிறது. இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் ஜாக்ரேபிட்டை ஒட்டியவை. ஆயினும், வேறு களஞ்சியத்தைப் பயன்படுத்துவோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் இங்கே பேசப்படும் சிக்கல் ஒரு மென்பொருளைவிடத் தூரத்தைச் சார்ந்தது.

சென்னை ராயப்பேட்டையில் ஒரு மாத இதழின் அலுவலகம் இருப்பதாகவும், அதன் பழைய இதழ்கள் அனைத்தும் மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்தின் களஞ்சியத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இயங்கும் செயலி, ஒரு மாதத்தில் வெளியான 40 கட்டுரைகளின் பட்டியலைத் திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், நாள், பகுதி, பக்க எண் என ஐந்து பண்புகள் தேவை. களஞ்சியம் அதே கணினியில் இருந்தவரை இந்தப் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். மும்பைக்குப் போனதும் அதே நிரல் பத்து விநாடி எடுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் உள்ளவர்கள் உடனே இணைய இணைப்பைக் குறைகூறி, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். அப்படி மாறினாலும் பத்து விநாடி பத்து விநாடியாகவே இருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே சாலைவழித் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். கேபிள் அதே அளவு நீளம் என்று கொண்டால், ஒரு கேள்வி போய் அதன் பதில் திரும்பி வருவதற்கு ஒளிக்கே 13 மில்லிவிநாடி ஆகும். வழியில் உள்ள கருவிகளின் தாமதமும் சேர்ந்து நடைமுறையில் 20 முதல் 30 மில்லிவிநாடி வரை ஆவது வழக்கம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வழியாகச் சிங்கப்பூருக்குப் போவதாயின் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளி போய்வரவே 32 மில்லிவிநாடி வேண்டும். எத்தனை பணம் கட்டினாலும் இந்த எண்ணைக் குறைக்க முடியாது. அதிக விலைத் திட்டத்தில் நமக்குக் கிடைப்பது ஒரே நேரத்தில் அதிகத் தரவு செல்லும் வசதி. ஒரு சிறிய கேள்விக்கு விரைவான பதில் அதில் கிடைக்காது.

கேள்வி ஒருமுறை போய்ப் பதிலுடன் திரும்புவதை ஒரு நடை என்று இனிக் குறிப்பிடுவோம். ஒரு நடைக்கு 25 மில்லிவிநாடி என்றால், மேலே சொன்ன பட்டியலுக்கு எத்தனை நடை ஆகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஜேசிஆர் இடைமுகம், ஒரே கணினிக்குள் இருக்கும் நிரல்கள் பேசிக்கொள்வதை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஒரு கணுவிடம் ஒரு பண்பைக் கேட்பது ஓர் அழைப்பு; அந்தப் பண்பிடம் அதன் மதிப்பைக் கேட்பது இன்னோர் அழைப்பு. 40 கட்டுரைகள், 5 பண்புகள், பண்புக்கு 2 அழைப்புகள் என்றால் 400 அழைப்புகள். ஒவ்வோர் அழைப்பும் ஒரு நடையாக மாறினால் 400 முறை 25 மில்லிவிநாடி, அதாவது 10 விநாடி. அலுவலகத்துக்குள்ளேயே உள்ள சர்வருக்கு ஒரு நடை அரை மில்லிவிநாடி என்று கொண்டால் இதே 400 அழைப்புகள் 0.2 விநாடியில் முடிந்துவிடும். நிரலை எழுதியவர் தன் மேசையில் சோதித்தபோது எந்தக் குறையையும் காணாததற்குக் காரணம் இதுவே.

எந்த வழியில் இணைவது

ஜாக்ரேபிட் களஞ்சியத்தைத் தொலைவிலிருந்து அணுகப் பழங்காலத்தில் பெரிதும் பயன்பட்டது ஆர்எம்ஐ என்னும் ஜாவா வழிமுறை. அதில் ஒவ்வோர் அழைப்பும் அப்படியே வலையில் பயணம் செய்யும். மேலே கணக்கிட்ட பத்து விநாடி ஆர்எம்ஐயின் இயல்பான நடத்தையே. வேகத்தைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் அதை விட்டுவிட வேண்டும். 2023இல் வெளியான ஒரு பாதுகாப்பு அறிவிப்பின்படி, ஜாக்ரேபிட்டின் 2.20.10 வரையிலான நிலையான பதிப்புகளில் ஆர்எம்ஐ வழியே வெளியாள் ஒருவர் தன் நிரலைச் சர்வரில் ஓடச் செய்ய முடிந்தது. 2.20.11 பதிப்பில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஆர்எம்ஐ வசதியையே கைவிடப்போவதாகவும் அறிவித்தார்கள். பழைய அமைப்பு ஒன்றை நீங்கள் மரபுரிமையாகப் பெற்றிருந்தால் முதலில் ஆர்எம்ஐ திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடிவிடுவது நல்லது. மற்ற அமைப்புகளை அதற்குப் பிறகு கவனிக்கலாம்.

அடுத்த வழி வெப்டாவ். 1999இல் வரையறுக்கப்பட்டு 2007இல் திருத்தப்பட்ட இந்த நெறிமுறை, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் வழக்கமான எச்டிடிபியின் மேல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் பூட்டவும் வழிசெய்கிறது. கோப்புகளை மட்டும் கையாள்வோருக்கு இது போதுமானது. கணுக்களையும் பண்புகளையும் நுணுக்கமாகக் கையாள வேண்டியவர்களுக்காக ஜாக்ரேபிட் இதை விரிவுபடுத்தி டாவெக்ஸ் என்னும் முறையை உருவாக்கியது. அதில் இரண்டு வசதிகள் கூடுதலாக உள்ளன: ஒரு கிளையை அதன் உட்கிளைகளோடு சேர்த்து ஜேசன் என்னும் உரைவடிவில் ஒரே பதிலாகப் பெறலாம், பல மாற்றங்களை ஒரே கோரிக்கையில் சேர்த்து அனுப்பலாம். இவ்விரண்டுமே நடையைக் குறைப்பதற்காக வந்தவை. தொலைநிலை அணுகலைப் புதிதாக அமைப்பவர் டாவெக்ஸையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் டாவெக்ஸைத் தேர்ந்தெடுத்ததனால் மட்டுமே வேகம் வந்துவிடாது. எவ்வளவு ஆழம் வரை சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆழம் என்னும் எண்

டாவெக்ஸ் கிளையன்டில், அதாவது களஞ்சியத்தோடு பேசும் நம் பக்க நிரலில், தொகுப்பு வாசிப்புக்கென ஓர் அமைப்பு உண்டு. ஒரு பாதையைக் கொடுத்தால், அந்தப் பாதையில் உள்ள கணுவைக் கேட்கும்போது அதற்குக் கீழே எத்தனை மட்டங்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூச்சியம் என்றால் அந்தக் கணு, அதன் பண்புகள், அதன் பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவை மட்டும் வரும். ஒன்று என்றால் பிள்ளைகளின் பண்புகளும் வரும். கழித்தல் ஒன்று என்றால் அடிவரை அத்தனையும் வரும். பாதைக்குப் பாதை வேறு எண்ணைத் தரலாம் என்பதே இந்த அமைப்பின் பெரிய நன்மை. பலர் இதைக் கவனிக்காமல் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் இதழின் மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு என்னும் கணுவின் கீழ் 12 மாதங்கள். ஒவ்வொரு மாதத்தின் கீழும் 40 கட்டுரைகள். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் 3 படங்கள். ஆண்டுக் கணுவை ஆழம் ஒன்றோடு கேட்டால் 13 கணுக்கள் வரும். ஆழம் இரண்டு என்றால் 480 கட்டுரைகளும் சேர்ந்து 493 ஆகும். ஆழம் மூன்று என்றால் 1,440 படக் கணுக்களும் சேர்ந்து 1,933 ஆகிவிடும். ஆண்டுகளின் பட்டியலைக் காட்டும் முகப்புத் திரைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை; அங்கே பூச்சியமே போதும். மாதத்தின் திரைக்கு மாதக் கணுவிலிருந்து ஆழம் ஒன்று சரியான எண். ஒரு கட்டுரையைத் திறக்கும்போது, அந்தக் கட்டுரையின் கீழ் உள்ள அனைத்தும் வேண்டும் என்பதால் அங்கே கழித்தல் ஒன்றைக் கொடுத்தாலும் தவறில்லை. அடிவரை எல்லாவற்றையும் இழுத்துக்கொள் என்று வேர்க் கணுவுக்கே சொல்லிவிடும் அமைப்புகளையும் காண முடிகிறது. சோதனைக்கு வைத்த சிறு களஞ்சியத்தில் அது அற்புதமாக வேலை செய்யும். உண்மையான தரவு வந்த நாளில் சர்வரின் நினைவகமும் கிளையன்டின் நினைவகமும் சேர்ந்தே திணறும்.

மாதத்துக்கு ஆழம் ஒன்று என்று வைத்ததும் 400 கோரிக்கைகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. ஆயினும் அந்த ஒரு கோரிக்கைக்கு என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டுரையின் முழு உரையும் கட்டுரைக் கணுவின் மீதே ஒரு பண்பாக இருக்கிறது என்று கொள்வோம். உரையில் 12,000 குறியீடுகள் (மெய்ப்புள்ளி, கால், கொம்பு போன்றவற்றையும் தனித்தனியே எண்ணி) இருந்தால், யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் ஒரு கட்டுரை 36 கிலோபைட் ஆகிறது. 40 கட்டுரைகளுக்கு 1.44 மெகாபைட். பட்டியலுக்குத் தேவைப்படாத உரைக்காக இவ்வளவும் பயணம் செய்கிறது. இணையத்தில் தரவைச் சுமக்கும் டிசிபி நெறிமுறையின் புதிய இணைப்பு எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடாது; முதல் நடையில் சுமார் 14 கிலோபைட், அடுத்ததில் அதைப்போல் இரு மடங்கு என்று படிப்படியாகவே ஏறும். அந்தக் கணக்கில் 1.44 மெகாபைட் வந்துசேர ஏழு நடைகள் வேண்டும்.

இதைத் தவிர்க்க, உரையைக் கட்டுரைக் கணுவிலிருந்து எடுத்து, அதன் கீழ் உரை என்றொரு தனிக் கணுவில் வைக்கலாம். அப்போது மாதத்தை ஆழம் ஒன்றோடு கேட்டால் தலைப்பும் ஆசிரியரும் மட்டும் வரும், உரை வராது. கட்டுரைக்கு ஒன்றரைக் கிலோபைட் என்று கொண்டால் 40க்கும் சேர்த்து 60 கிலோபைட், அது மூன்று நடைகளில் வந்துவிடும். தொலைநிலை அணுகலின் வேகத்தைப் பாதிக்கும் முடிவுகளில் பாதி, உள்ளடக்கத்தின் மரத்தை வரையும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்தெந்தத் திரைக்கு எது சேர்ந்து வேண்டும் என்று பார்த்து, சேர்ந்து வேண்டியவற்றை ஒரே மட்டத்திலும் எப்போதாவது வேண்டியவற்றை ஒரு மட்டம் கீழேயும் வைப்பது நல்ல பழக்கம். பின்னாளில் மாற்றுவது முடியாதது அல்ல, ஆனால் பல ஆண்டு இதழ்களை இடம் மாற்றும் வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை.

படங்களையும் பிடிஎஃப் கோப்புகளையும் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். டாவெக்ஸின் ஜேசன் பதிலில் இருமத் தரவு சேர்க்கப்படுவதில்லை. அதன் நீளம் மட்டுமே குறிக்கப்படும். நிரல் அதை உண்மையில் படிக்கும்போதுதான் தனிக் கோரிக்கை போகும். சிறு படங்களைப் பட்டியலோடு காட்ட வேண்டுமானால், அவற்றைக் களஞ்சியத்தின் வழியே கொண்டுவராமல் உலாவி நேரடியாகப் பெறும்படி செய்து, நடுவே, கேட்கப்பட்டவற்றின் நகலை வைத்துக்கொள்ளும் ஒரு கேஷ் சர்வரை வைப்பதே தகும்.

தமிழ்ப் பெயர்களால் வரும் சில தொல்லைகள்

கணுக்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஜேசிஆர் தடுக்காது. ஆனால் அந்தப் பெயர் இணைய முகவரியின் பகுதியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். சென்னை என்னும் சொல்லில் ஆறு குறியீடுகள்; 18 பைட்டுகள்; முகவரியில் 54 எழுத்துகள். ஐந்தாறு மட்டம் ஆழமான பாதையில் இது சில நூறு எழுத்துகளாகிவிடும். அப்பாச்சி வலைச்சர்வர் கோரிக்கை வரிக்கு இயல்பாக அனுமதிக்கும் 8,190 பைட்டுகளை இது எளிதில் தொடாது என்பதால் ஆபத்தில்லை. ஆனால் சர்வரின் பதிவேட்டில் எந்தக் கணு கேட்கப்பட்டது என்று கண்ணால் படித்துப் பார்ப்பது இயலாத காரியமாகிவிடும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். களஞ்சியமோ குறியீடுகளை வரிசையாக ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஒரு கணினியில் உருவாக்கிய கணுவை இன்னொரு கணினியிலிருந்து தேடினால் இல்லை என்று பதில் வருவதற்கு இது ஒரு காரணம். கணுக்களின் பெயர்களை எண்களாலும் எளிய உரோமன் எழுத்துகளாலும் அமைத்து, தமிழ்த் தலைப்பைப் பண்பாக வைப்பதே பாதுகாப்பான வழி. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால், சேமிக்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே யூனிகோடு இயல்வடிவத்துக்கு மாற்றும் ஒரு படியை நிரலில் சேர்த்துவிட வேண்டும்.

தமிழ் உரைக்குச் சாதகமான செய்தியும் உண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. இத்தனை மீள்வரவு இருப்பதால் ஜிசிப் சுருக்கம் தமிழ் உரையைப் பல மடங்கு சிறிதாக்கிவிடும். ஆனால் ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரில் இச்சுருக்கம் இயல்பாக அணைந்தே இருக்கும். இணைப்பு அமைப்பில் அதை இயக்கி, ஜேசன் வகைப் பதில்களுக்கும் அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கியதை எவ்வளவு நேரம் நம்புவது

ஒருமுறை வாங்கிய கணுக்களைக் கிளையன்ட் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மறுமுறை கேட்டால் நடையே தேவையில்லை. இந்தக் கேஷில் எத்தனை கணுக்களையும் பண்புகளையும் வைத்துக்கொள்ளலாம் என்பதை நாம் அமைக்கலாம். ஆழத்தைக் கூட்டிவிட்டுக் கேஷின் அளவைக் கூட்டாமல் விட்டால், வாங்கிய 1,933 கணுக்களில் முதலில் வந்தவை கடைசியில் வந்தவற்றால் வெளியே தள்ளப்பட்டு, மீண்டும் அவற்றுக்காக நடக்க நேரும். ஆழமும் கேஷின் அளவும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டிய எண்கள்.

கேஷில் உள்ளது பழையதாகிவிட்டால் என்ன செய்வது என்னும் கேள்விக்கு ஜாக்ரேபிட்டின் கிளையன்ட் இரண்டு வழிகளைத் தருகிறது. முதல் வழியில், நாம் புதுப்பிக்கச் சொல்லும்வரை கேஷ் தன்னிடம் உள்ளதையே தரும். புதுப்பிக்கச் சொன்னதும் எல்லாவற்றையும் செல்லாததாகக் குறித்துக்கொள்ளும். இரண்டாவது வழியில், களஞ்சியத்தில் நடக்கும் மாற்றங்களைக் கிளையன்ட் கேட்டுக்கொண்டே இருந்து, மாறிய கணுக்களை மட்டும் திருத்திக்கொள்ளும். கேட்பதற்கு வசதியாக இருந்தாலும், அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதே ஓயாத நடைகளாகும். வெளியாகி முடிந்த பழைய இதழ்கள் மாறுவதில்லை; அவற்றைப் படிக்கும் செயலிக்கு முதல் வழியே போதும். அதே வாரத்தில் பிழைதிருத்தப்படும் கட்டுரைகளைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் செயலிக்கு இரண்டாவது வழி வேண்டியிருக்கலாம். இரண்டையும் ஒரே செயலியில் கலக்காமல் தனித்தனி இணைப்புகளாக வைத்துக்கொள்வது குழப்பத்தைக் குறைக்கும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் களஞ்சியத்தில் புதிய அமர்வை (உள்நுழைவு முதல் வெளியேறுவது வரையிலான தொடர்பை) திறந்து மூடும் நிரல்களில் கேஷால் பயனில்லை; அமர்வு மூடியதும் அதில் சேர்த்தவையும் போய்விடும். அமர்வை நீண்ட நேரம் வைத்திருப்பதிலும் ஒரு வரம்பு உண்டு: ஒரே அமர்வைப் பல இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. அமர்வுகளின் சிறு தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் புதுப்பித்துப் பயன்படுத்தித் திரும்ப வைப்பது நடைமுறையில் ஒத்துவரும் வழி. களஞ்சியத்தைக் குறிக்கும் பொருளையோ செயலி தொடங்கும்போது ஒரே ஒருமுறை உருவாக்கினால் போதும். கணு வகைகள், பெயர்வெளிகள் போன்ற அடிப்படை விவரங்களை அது அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளும்.

எழுதுவதும் தேடுவதும்

ஜேசிஆரில் நாம் செய்யும் மாற்றங்கள் சேமி என்னும் அழைப்பு வரும்வரை அமர்வின் தற்காலிக இடத்திலேயே தங்கும். டாவெக்ஸ் அவற்றை எல்லாம் ஒரே கோரிக்கையாகக் கட்டி அனுப்பும். ஆகவே 300 கட்டுரைகளின் பகுதிப் பெயரை மாற்றும் நிரல், ஒவ்வொன்றுக்கும் பிறகு சேமித்தால் 300 நடை. கடைசியில் ஒருமுறை சேமித்தால் மாற்றங்கள் அனைத்தும் ஒரே கோரிக்கையில் போய்விடும். ஆயிரக்கணக்கானவற்றை ஒரே கட்டாகச் சேமிப்பதும் நல்லதல்ல. இடையில் வேறொருவர் அவற்றில் ஒன்றை மாற்றியிருந்தால் முழுக் கட்டும் மறுக்கப்படும். சில நூறு மாற்றங்களுக்கு ஒருமுறை சேமிப்பது இரண்டுக்கும் நடுவான வழி.

தேடலில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தேடல் ஒரே நடையில் 200 முடிவுகளைத் தந்துவிடும். அதன் பிறகு நிரல் ஒவ்வொரு முடிவின் கணுவையும் திறந்து தலைப்பைக் கேட்கத் தொடங்கினால் இன்னும் 200 நடைகள். தேவையான பண்புகளைத் தேடல் வாக்கியத்திலேயே பத்திகளாகக் குறிப்பிட்டு, முடிவின் வரிசையிலிருந்தே மதிப்புகளை எடுத்துக்கொள்வதும், ஒரு பக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் எல்லை வைத்துக் கேட்பதும் இதைத் தவிர்க்கும்.

இணைப்பின் அமைப்புகள்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் இணைப்பைப் புதிதாகத் தொடங்கினால், டிசிபிக்கு ஒரு நடை, டிஎல்எஸ் 1.2 பாதுகாப்புக்கு இரண்டு நடை, பிறகுதான் கோரிக்கை. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 அந்த இரண்டை ஒன்றாகக் குறைத்தது. இணைப்பைத் திறந்தே வைத்துத் திரும்பப் பயன்படுத்தினால் இந்தச் செலவு முதல் தடவை மட்டுமே. நடுவே உள்ள புரோக்ஸி என்னும் இடைச்சர்வர் சில விநாடிகளில் இணைப்பை மூடிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கிளையன்டில் ஒரே சர்வருக்கு எத்தனை இணைப்புகள் அனுமதிக்கப்படுகின்றன என்பதும் முக்கியம். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டின் நான்காம் வரிசையில் இந்த எண் இயல்பாக இரண்டு மட்டுமே. இருபது பேர் பயன்படுத்தும் செயலியில் பதினெட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

அதே எச்டிடிபி கிளையன்ட் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலிலேயே அனுப்பாது. சர்வர் மறுத்த பிறகே அனுப்பும். கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் இரண்டு நடையாகிவிடும். அடையாளச் சான்றை முன்கூட்டியே அனுப்பும்படி அமைப்பது பாதி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும். கடவுச்சொல் போகும் வழி டிஎல்எஸ் வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சென்னையில் டிசம்பர் மாதத்தை அறிந்தவர்கள் காத்திருப்பு எல்லையைப் பற்றி அலட்சியமாக இருக்க மாட்டார்கள். 2015 வெள்ளத்தின்போதும் 2016 வர்தா புயலின்போதும் இணைய இணைப்புகள் பரவலாகத் துண்டிக்கப்பட்டன. பதில் வராத இணைப்புக்காக எல்லையின்றிக் காத்திருக்கும்படி விட்டால், செயலியின் இழைகள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இணைப்பு திரும்பிய பிறகும் செயலி உறைந்தே நிற்கும். இணைவதற்கு ஒரு சிறு எல்லையும், பதிலுக்குச் சற்றே பெரிய எல்லையும் தனித்தனியாக வைக்க வேண்டும். வாசிப்பு தோற்றால் மறுபடி முயலலாம். சேமிப்பு தோற்றால் அவசரப்படக் கூடாது: கோரிக்கை சர்வரைச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்தக் கணு ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று பார்த்த பிறகே மீண்டும் அனுப்ப வேண்டும்.

அலுவலகத் தீயரண்கள் வெப்டாவின் சிறப்புக் கோரிக்கை வகைகளை அறியாமல் தடுத்துவிடுவதும் உண்டு. படிப்பது வேலை செய்து பூட்டுவதோ தேடுவதோ வேலை செய்யாவிட்டால் முதலில் அங்கே பார்க்கலாம்.

எண்ணிப் பார்த்தல்

அமைப்புகளை மாற்றும் முன்னும் பின்னும் செய்ய வேண்டிய அளவீடு ஒன்றே: ஒரு திரையைத் திறக்கும்போது சர்வரின் அணுகல் பதிவேட்டில் எத்தனை வரிகள் சேர்கின்றன என்று எண்ணுவது. பத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. நூற்றைத் தாண்டினால், எந்தப் பாதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்து அந்தப் பாதைக்கு ஆழத்தைக் கூட்ட வேண்டும். வரிகள் குறைவாக இருந்தும் தாமதமாக இருந்தால், பதிலின் அளவைப் பார்த்து ஆழத்தைக் குறைக்கவோ மரத்தை மாற்றவோ வேண்டும்.

நிரல் எழுதுபவரின் மேசையிலேயே தூரத்தை உருவாக்கவும் முடியும். லினக்ஸில் உள்ள டிசி என்னும் கட்டளையின் நெட்எம் வசதியால் வலையட்டைக்கு 25 மில்லிவிநாடித் தாமதத்தைச் செயற்கையாகச் சேர்க்கலாம். சிங்கப்பூரில் சர்வர் இருக்கும் என்றால் 40 என்று வைத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் சொல்லும்வரை காத்திராமல் குறை அப்போதே தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் சில வேலைகள் தொலைவிலிருந்து செய்யத் தகாதவை. லட்சக்கணக்கான கணுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்கும் இரவு வேலையை ராயப்பேட்டையில் ஓட்டாமல், களஞ்சியம் இருக்கும் அதே தரவு மையத்தில் ஓர் இயந்திரத்தை எடுத்து அங்கேயே ஓட்டி, முடிவை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டும். களஞ்சியத்தையே அருகில் கொண்டுவருவதும் இப்போது கடினமில்லை. மைக்ரோசாஃப்ட் 2015இல் தன் அஷூர் சேவையின் தென்னிந்திய மையத்தைச் சென்னையில் தொடங்கியது. அமேசானின் முதல் இந்திய மையம் 2016இல் மும்பையில் வந்தது. எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது, அதிகமாக எழுதுபவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரையே தேர்ந்தெடுக்கலாம். வாசிப்பவர்கள் தொலைவில் இருந்தால் அவர்களுக்குக் கேஷ் உதவும். சேமிப்பு ஒவ்வொரு முறையும் களஞ்சியம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.